கொப்புளம் இல்லாத கை

சிரிச்சுக்கிட்டே கதவைத் திறந்து விடுறவங்களைக் கண்டா எனக்கு ஆகவே ஆகாது. எதுக்குத் திறக்கிறாங்கன்னு தெரியுற வரைக்கும் உள்ள கால் வைக்க மாட்டேன். இதை வச்சே என் வீட்டுக்காரர் என்னைக் கிண்டல் பண்ணுவார். "உன் சந்தேகத்துக்குத் தப்பினது இந்த வீட்டுல எது இருக்கு? பூட்டைக்கூட நாலு தடவை இழுத்துப் பார்த்துட்டுத்தானே படி இறங்குற" என்பார். பூட்டு ஒரு நாள் ஏமாத்திட்டா இவரா வந்து பதில் சொல்லப் போறார்?

அந்தப் படகு கிளப் விஷயத்துலயும் எனக்கு ஆரம்பத்துலயே பொறி தட்டுச்சு. நான் தையல் கடை வச்சிருக்கேன். கடைக்குப் போற பஸ், ஆத்தோரமா அந்த கிளப் வாசலைத் தாண்டித்தான் போகும். எனக்கு விவரம் தெரிஞ்ச நாளா அந்த கேட் மூடியே கிடக்கும். 'உறுப்பினர்களுக்கு மட்டும்'னு ஒரு போர்டு தொங்கும். திடீர்னு ஒரு நாள் பார்த்தா கேட் ஆன்னு திறந்து கிடக்கு. புது போர்டு. 'எல்லோரும் வாங்க. வயது, உடல்நிலை, அனுபவம் எதுவும் தடையில்லை.' பத்தாததுக்கு பலூன் வேற கட்டியிருந்தாங்க.

"கேட்டியாடி கூத்தை, பணக்காரங்களுக்கு நம்ம மேல திடீர்னு பாசம் பொங்குது" என்று அந்த போர்டை வாய்விட்டுப் படிச்சேன். பக்கத்துல உட்கார்ந்திருந்தது என் தங்கச்சி. வீட்டுல அவளைச் சின்னவன்னுதான் கூப்பிடுவோம். சிரிப்பான்னு பார்த்தா, "அக்கா, திரும்பப் படி" என்றாள். அப்பவே தெரிஞ்சு போச்சு, நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்னு.

சின்னவளுக்குக் கண்ணு தெரியாது. குழந்தையா இருக்கறப்ப வந்த ஒரு காய்ச்சல் கண்ணைக் கொண்டு போயிடுச்சு. அன்னைக்குப் பிடிச்ச கையை நான் இன்னும் விடல. இப்ப ஒரு ஆஸ்பத்திரியில போன் எடுத்துப் பேசுற வேலையில இருக்கா, சொந்தக் கால்ல நிக்கிறா. ஆனா கொண்டு போய் விடுறதும் நான்தான், கூட்டிட்டு வர்றதும் நான்தான். அவளுக்குத் தனியா வரத் தெரியும், குச்சியும் இருக்கு. ரோட்டைத்தான் நான் நம்ப மாட்டேன்.

அந்த வாரமே கிளப்புக்குக் கூட்டிட்டுப் போக வச்சுட்டா. உள்ள போனா உபசாரம்னா உபசாரம், அப்படி ஒரு உபசாரம். கோச் ஒருத்தர், ஐம்பதைத் தாண்டின ஆளு, தேன் ஒழுகப் பேசுறார். எதுவா இருந்தாலும் என்கிட்டதான் கேட்கிறார். "அவங்க டீ குடிப்பாங்களா?"

"அவங்க குடிப்பாங்க. சர்க்கரை மட்டும் கம்மியா" என்றாள் சின்னவ.

இன்னொரு அம்மா அவ காதுகிட்ட வந்து, "நல்லா இருக்கீங்களா" என்று கத்துனாங்க. அந்த அம்மாதான் படகோட கடைசியில உட்கார்ந்து சுக்கான் பிடிக்கிறவங்க. கழுத்துல எப்பவும் ஒரு விசில் தொங்கும், அதனால நான் அவங்களுக்கு விசில்னே பேர் வச்சுட்டேன். "கண்ணுதாங்க தெரியாது, காது நல்லாவே கேட்கும்" என்றாள் சின்னவ. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்போட சிரிப்பா ஒருத்தர் கேமராவைத் தூக்கிட்டு வந்துட்டார். சின்னவளுக்கு ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டி, கையில துடுப்பைக் கொடுத்து, நாலு பக்கமும் நின்னு எடுத்தாங்க. இதுக்குத்தான் பலூனும் டீயுமான்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

சின்னவ டீ குடிச்சுக்கிட்டு இருந்தப்ப கோச்சை ஓரமாக் கூட்டிட்டுப் போனேன். "சார், வெளிப்படையா சொல்லிடறேன். படம் பிடிக்கத்தான் இவ வேணும்னா இப்பவே சொல்லிடுங்க, நாங்க கிளம்பறோம். கால் வழுக்கினாலோ தண்ணியில விழுந்தாலோ, ஏன், உள்ளங்கையில ஒரு கொப்புளம் வந்தாக்கூட நான் சும்மா இருக்க மாட்டேன். பேப்பர்ல வர்ற வரைக்கும் போவேன்" என்றேன். மனுஷன் முகத்துல ஈயாடல. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டோம்னு ரொம்ப திருப்தியா இருந்துச்சு எனக்கு.

சின்னவளுக்கு என்னவோ அந்தத் தண்ணி அப்படியே பிடிச்சுப் போச்சு. முதல் நாள் பஸ்ல வர்றப்ப வாய் மூடவே இல்லை. "அக்கா, உனக்கு ஒண்ணு தெரியுமா? துடுப்பு போடுற நாலு பேரும் படகு போற பக்கத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்றாங்க. முன்னாடி பார்க்கிறது அந்த விசிலம்மா மட்டும்தான். எங்க போறோம்னு அங்க ஒருத்திக்கும் தெரியாது. அவங்க சொல்றதைக் காதால கேட்டு இழுக்கணும், அவ்வளவுதான். இத்தனை வருஷமா நான் செய்யுறதைத்தான் அவங்க எல்லாரும் இப்பக் கத்துக்கிறாங்க."

அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்து ரொம்ப நாளாச்சு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு நினைப்பும் கூடவே வந்துச்சு. இவ இவ்வளவு ஆசை வச்சுட்டா, நாளைக்கு அவங்க கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டா என்ன பண்றது?

அதுக்கு ஏத்த மாதிரியே ஒவ்வொண்ணா நடந்துச்சு. சின்னவ படத்தைப் பெருசாக்கி கேட் பக்கத்துல மாட்டினாங்க. அவ துடுப்போட கைப்பிடிக்கு மட்டும் ஸ்பாஞ்சு சுத்தி வச்சாங்க, தொட்டா அவளோடதுன்னு தெரியணுமாம். நான் உள்ள போனா கோச்சும் விசிலும் பேச்சை டக்குன்னு நிறுத்திடுவாங்க. "வாங்க வாங்க, உட்காருங்க" என்று நாற்காலி வேற வரும். எதையோ மறைக்கிறவங்கதான் இவ்வளவு வேகமா நாற்காலி போடுவாங்க.

கொஞ்ச நாள்ல சின்னவளோட சிரிப்பு குறைஞ்சுது. பஸ்ல பேச்சும் குறைஞ்சுது. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும், ஜன்னல் கம்பியில ரப்பர் கயிறைக் கட்டி, தரையில உட்கார்ந்து இழுப்பா. இழுக்கறப்ப வாய்க்குள்ளேயே, "வலது, இன்னும் இழுங்க. வலது, இன்னும் இழுங்க" என்று சொல்லிக்குவா. வேர்வை சொட்டும். நிறுத்துடின்னா நிறுத்த மாட்டா.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"படகு என் பக்கமே திரும்புதுக்கா. நான் வலது பக்கம் உட்கார்றேன். எந்தப் பக்கம் பலம் கம்மியோ அந்தப் பக்கம் படகு சாஞ்சு போகும். விசிலம்மா என்னைப் பேர் சொல்லித் திட்டல. வலது இன்னும் இழுங்கன்னு பொதுவாத்தான் சொல்றாங்க. ஆனா எல்லாருக்கும் தெரியும் அது யாருக்குன்னு." கயிறை விட்டுட்டு மூச்சு வாங்கினா. "ஞாயித்துக்கிழமை தேர்வு வைக்கிறாங்க. பந்தயப் படகுக்கு நாலு பேர்தான் வேணும், நாங்க அஞ்சு பேர் இருக்கோம். எனக்குப் பலம் பத்தலைக்கா. உயிரைக் கொடுத்து இழுக்கிறேன், துடுப்பு சும்மா பஞ்சு மாதிரி வருது, படகு மட்டும் நேராப் போகவே மாட்டேங்குது."

"பந்தயம் போனா போகுதுடி. சும்மா ஜாலியா ஓட்டிட்டு வா."

"அதேதான் கோச்சும் சொன்னார். பந்தயம் வேண்டாம், ஜாலியா ஓட்டுற படகு ஒண்ணு இருக்கு, அதுல வாங்கன்னு." அவ குரல் உடைஞ்சு போச்சு. "எல்லா இடத்துலயும் என்னைச் சும்மாதான் உட்கார வைக்கிறாங்க. அங்க மட்டுமாவது நான் நிஜமா ஒரு ஆளா இருக்கணும்னு நெனச்சேன். அது தப்பா?"

எனக்கு அழுகையும் கோபமும் ஒண்ணா வந்துச்சு. படம் பிடிச்சாச்சு, கேட்ல மாட்டியாச்சு, இப்பக் கழட்டி விடப் பார்க்கிறாங்க. நான் நெனச்சது நெனச்ச மாதிரியே நடக்குது. அவ கையைப் பிடிச்சு, அழாதடின்னு தடவிக் கொடுத்தேன். அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

கை பட்டு மாதிரி இருந்துச்சு.

நான் கத்தரிக்கோல் பிடிக்கிறவ. பெருவிரல்ல காய்ச்சுப் போன தோலு எனக்குத் தெரியும். போன வாரம் கிளப் குழாயடியில, சின்னவ கூட துடுப்பு போடுற நர்ஸம்மா கை கழுவினப்பப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கப் பிளாஸ்திரி. "இங்க எல்லாருக்கும் இப்படித்தாங்க, முதல்ல கொப்புளம் வரும், அப்புறம் காய்ச்சுப் போகும்" என்று பெருமையாக் காட்டினாங்க. எல்லாருக்கும் வந்தது இவளுக்கு மட்டும் ஏன் வரல? அதுவும் உயிரைக் கொடுத்து இழுக்கிறேங்கறா. அப்ப என்னமோ தில்லுமுல்லு நடக்குது. இவ இழுக்கிறதே தண்ணிக்குப் போய்ச் சேராத மாதிரி ஏதோ பண்ணி வச்சிருக்காங்க, அதைக் காரணமா வச்சு இவளை வெளியே தள்ளப் போறாங்க.

வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "துடுப்புல ஓட்டை போட்டிருப்பாங்களோ?" என்றார் மனுஷன், சாப்பாட்டுலேர்ந்து தலையைத் தூக்காம. நேரம் பார்த்துத்தான் வாயைத் திறப்பார்.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் சின்னவளைக் கிளப்பிட்டேன். தேர்வுக்கு இன்னும் நேரம் இருந்துச்சு, கிளப்புல தோட்டக்காரரைத் தவிர யாரும் வரல. படகு வைக்கிற கொட்டகைக்குள்ள ஈர மர வாசனை. சுவத்துல துடுப்பெல்லாம் வரிசையாச் சாத்தி வச்சிருந்தாங்க, ஒவ்வொண்ணும் ரெண்டு ஆள் உசரம். ஸ்பாஞ்சு சுத்தினதை நான் கண்டுபிடிச்சு, அவ கையை அது மேல வச்சேன். பக்கத்துல இருந்த நர்ஸம்மாவோட துடுப்பு மேல இன்னொரு கையை வச்சேன்.

"தொட்டுப் பாருடி. உன்னை ஏமாத்துறாங்க, எனக்குச் சந்தேகமே இல்லை. எதுல வித்தியாசம்னு சொல்லு."

துடுப்போட உடம்புல, கைப்பிடிக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும். படகோட பக்கவாட்டுல இருக்கிற இரும்புக் கொக்கியில அதுதான் போய் உட்காரும். சின்னவ கைப்பிடி நுனியிலேர்ந்து சாண் சாணா அளந்துக்கிட்டே போனா, வளையம் வரைக்கும். அப்புறம் மத்ததை அளந்தா. திரும்ப அவளோடதை அளந்தா. அதுக்கும் அடுத்து இருந்த துடுப்பையும் அளந்தா. முகம் மாறிடுச்சு.

"என்னோடதுல மட்டும் வளையம் தள்ளியிருக்குக்கா" என்றாள். "மத்தது எல்லாம் ஒரே அளவு."

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே ஆர்ப்பாட்டம். கையும் களவுமாப் பிடிச்சாச்சுல்ல! அதுக்குள்ள கோச்சும் விசிலும் கொட்டகை வாசல்ல வந்து நின்னாங்க. நான் இடுப்புல கையை வச்சுக்கிட்டு ஆரம்பிச்சேன்.

"வாங்க சார். நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த வளையத்தை யார் தள்ளி வச்சது? கண்ணு தெரியாத பொண்ணு, தலையில மிளகாய் அரைச்சாலும் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

கோச், "நான்தான் வச்சேன்" என்றார்.

"எதுக்கு?" இதைக் கேட்டது சின்னவ. சத்தமே போடல.

"கைப்பிடிப் பக்கம் நீளத்தைக் கூட்டினா இழுக்கிறது லேசா இருக்கும். கதவை ஓரத்துல பிடிச்சுத் தள்ளினா லேசாப் போகும்ல, அந்த மாதிரி. கைக்கு அவ்வளவு பாரம் வராது. ஆனா தண்ணியைத் தள்ளுற தள்ளு குறைஞ்சிடும்."

"அதனாலதான் படகு என் பக்கம் திரும்புதா?"

"ஆமாம்மா."

"நான் பலம் பத்தலைன்னு நெனச்சு தினம் ஜன்னல் கம்பியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தேன், கோச். அப்ப ஸ்பாஞ்சும் அடையாளத்துக்கு இல்லை, கை நோகாம இருக்கத்தானா?"

அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். விசிலம்மா, "நான் அப்பவே வேண்டாம்னுதான் சொன்னேன்" என்று ஏதோ முணுமுணுத்தாங்க.

"உங்ககிட்ட யார் கேட்டா, என் கையைப் பார்த்துக்கச் சொல்லி?" என்றாள் சின்னவ.

கோச் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். விசிலும் என்னைப் பார்த்தாங்க.

முதல் நாள் டீயும், பலூனும், நான் ஓரமாக் கூட்டிட்டுப் போய்ப் பேசின பேச்சும் அப்பத்தான் எனக்கு நினைவுக்கு வந்துச்சு. உள்ளங்கையில ஒரு கொப்புளம் வந்தாக்கூடன்னு நான் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை வந்துச்சு. நான் வந்ததும் அவங்க பேச்சை நிறுத்தினதும், நாற்காலி போட்டதும் ஏன்னு புரிஞ்சுது. அவங்க சதி ஒண்ணும் பண்ணல. என்னைப் பார்த்துப் பயந்திருக்காங்க.

அவங்க ரெண்டு பேரும் என்னைப் பார்த்தது சின்னவளுக்குத் தெரியாது. அவ பதிலுக்காகக் காதைச் சாய்ச்சுக்கிட்டு நின்னா. நான் பேசாம இருந்திருந்தா அந்த மனுஷன் எப்படியாவது பூசி மெழுகியிருப்பார், பழி அவரோடயே போயிருக்கும். அவளுக்குக் கண்ணு தெரியாதது, என் வாழ்க்கையில முதல் தடவையா, எனக்கு வசதியா இருந்துச்சு. அந்த நினைப்பு வந்ததும் எனக்கு என் மேலேயே சீன்னு ஆயிடுச்சு.

"நான்தான்டி சொன்னேன்" என்றேன்.

"எப்ப?"

"முதல் நாளே. கொப்புளம் வந்தா பேப்பருக்குப் போவேன்னு மிரட்டினேன்."

"நான் டீ குடிச்சுக்கிட்டு இருந்தப்பவா?"

"ஆமாடி."

அவ கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்லை. ஸ்பாஞ்சை நகத்தால பிய்ச்சு, சுத்துச் சுத்தாப் பிரிச்சு, கீழ போட்டா. "கோச், வளையத்தை எல்லாருக்கும் இருக்கிற இடத்துல வைங்க. இனிமே என் துடுப்புல என்ன பண்றதா இருந்தாலும் என்னைக் கேளுங்க. கை என்னோடது." அப்புறம் நான் நின்ன பக்கமாத் திரும்பினா. "அக்கா, நீ கேட்டுக்கு வெளிய போய் நில்லு."

போனேன். வேற என்ன செய்ய? 'எல்லோரும் வாங்க' போர்டுக்குக் கீழ, அவ படத்துக்குப் பக்கத்துல நின்னேன். படத்துல அவ சிரிச்சுக்கிட்டு இருந்தா. கேட்டுக்கு வெளிய இருந்து பார்த்தா ஆறு தெரியாது, செங்கல் சுவர்தான் தெரியும். ஆளுங்க பேச்சு, படகைத் தண்ணியில இறக்குற சத்தம், துடுப்பு கொக்கியில விழுற சத்தம், எல்லாம் காதுக்கு மட்டும்தான். என் தங்கச்சி விழுந்தாளா இருக்காளான்னு பார்க்க முடியாம, சுவத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன். உள்ள ஓடிடலாமான்னு பத்துத் தடவை தோணுச்சு. கேட் கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

விசில் ஊதிச்சு. தண்ணி கிழிபடுற சத்தம் கொஞ்சம் கொஞ்சமா வேகம் பிடிச்சுது. அப்புறம் விசிலம்மாவோட குரல் சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு. "வலது..." என்று ஆரம்பிச்சதும் எனக்கு உயிரே போச்சு. போச்சுடா, அதே பாட்டுன்னு கண்ணை மூடிக்கிட்டேன்.

"வலது, கொஞ்சம் குறைங்க! வலது, குறைங்க! படகு இடது பக்கம் போகுது!"

நான் ரோடுன்னும் பார்க்காம சத்தமா அழுதுட்டேன். பஸ்ஸுக்கு நின்ன ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தாங்க. பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும்.

வெயில் ஏறின பிறகுதான் சின்னவ வெளிய வந்தா. குச்சியைத் தட்டிக்கிட்டு, செங்கல் சுவத்தை ஒட்டி, தனியா வந்தா. வழியில ஒரு கல்லு கிடந்துச்சு. ஓடிப் போய்ப் பிடிக்கலாம்னு கை நீண்டுடுச்சு, நீட்டின கையை நானே இழுத்துக்கிட்டேன். குச்சி கல்லுல பட்டுச்சு, அவ சுத்திக்கிட்டு வந்தா. நான் மூக்கை உறிஞ்சினதைக் கேட்டு நேரா எனக்கு முன்னால வந்து நின்னா.

"இடம் கிடைச்சிடுச்சா?" என்றேன்.

"கிடைச்சிடுச்சு. இடது பக்கத்து ஆளுங்கதான் இனிமே ரப்பர் கயிறு கட்டி இழுக்கணுமாம்."

அவ சிரிக்கல. ரெண்டு கையையும் விரிச்சு என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா. விரலுக்குக் கீழ வரிசையாக் கொப்புளம், ஒண்ணு உடைஞ்சு தோல் உரிஞ்சு தொங்குச்சு. எனக்கு உடம்பெல்லாம் கூசிச்சு.

"எரியுதாடி?"

"பயங்கரமா எரியுது" என்றாள். "கொப்புளம் வந்துடுச்சு பாரு. யார்கிட்ட போய்ப் புகார் பண்ணப் போற?"